பட்டாணி அளவு முகம்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே படத்தில் அண்ணனின் முகம் ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். கப்பல் பட்டறையில் ஏதோ பெரிய வேலை முடிந்த கையோடு ஆட்கள் எல்லாரையும் நான்கு வரிசையாக நிறுத்தி எடுத்த படம். அண்ணன் மூன்றாவது வரிசையில், இடப்பக்கத்திலிருந்து ஆறாவது ஆள். எண்ணிப் பார்க்காமல் அவனைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஆளைப் பார்த்து, "நல்ல பையன்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் படம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாமல் அதே பட்டறையில் அவன் இறந்துபோனான். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் தீப்பிடித்தது என்று மட்டும் சொன்னார்கள். பெட்டியை மூடியபடியேதான் கொண்டுவந்தார்கள், திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை மகன் முகத்தைப் பார்க்கிற உரிமை எல்லா அம்மாக்களுக்கும் உண்டு. எங்கள் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

வேறு படமே இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. இறப்பைப் பதியப் போன இடத்தில் அப்பா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் இருந்த படமும் அதோடு போயிற்று. பட்டறை நுழைவு பாஸ் தீப்பிடித்த அன்று அவன் சட்டைப் பையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படம் பிடித்த வருடம் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு மனிதன் இருபத்தொரு வயது வரை இந்த ஊரில் நடமாடிவிட்டு இவ்வளவு சுத்தமாகக் காணாமல் போக முடியுமா என்று எனக்குப் பல நாள் கோபமாக வந்திருக்கிறது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியாது. அப்பாவும் அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்தை ஈரத் துணியால் துடைத்து, அண்ணனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பட்டாணி அளவு முகத்தில் நெற்றி எவ்வளவு இருக்கும்? அதனால் தீக்குச்சியின் நுனியில் சந்தனத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியின் மேல் சரியாக அவன் நெற்றிக்கு நேராக வைப்பாள். பக்கத்து ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம்.

பிறகு சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்திலிருந்து ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். லாரியில் சாமான் ஏற்றிய அன்று படத்தின் கண்ணாடி உடைந்தது. நான் வேறு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று அளவெடுக்கப் போனேன். அம்மா சட்டத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணாடி வேணாம்டா. இப்பத்தான் வெரலு அவன்மேல படுது."

கண்ணாடி போடவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் தீக்குச்சியும் போயிற்று. மோதிர விரலால் தொட்டு வைத்தாள். அந்த விரல் அண்ணனின் முகத்தைவிடப் பெரியது.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில், கல்யாணமாகாமல் போன பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு வேட்டி சட்டை எடுத்து, பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் படையல் போட வேண்டும். அவனுக்குக் கிடைக்காததை அவனுக்குச் சொல்லாமல் தம்பிக்குச் செய்யக் கூடாது என்பது அதன் நியாயம். படையலுக்கு ஏற்பாடு பேச வந்த பெரியம்மா, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இத்தன பேருக்குமா படையல் போடப்போற? இதுல பாதிப் பேரு இன்னும் வேலைக்குப் போய்ட்டு வந்துட்டு இருக்கான். உசுரோட இருக்கிறவனுக்குப் படையல் போட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் சொன்னது நியாயம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெரியம்மா போனதும் அம்மா படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"நீதான் கேமரா வேல பாக்குறியே. அவன மட்டும் தனியா, பெருசா எடுத்துக் குடு. நான் அவன் மூஞ்சியப் பாக்கணும்டா. ஒரு தடவ பாத்துட்டு உன் கல்யாணத்த நடத்துறேன்."

நான் செய்தது கேமரா பழுது பார்க்கும் வேலை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கடை. இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும். அது இருக்கும் வரை எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை என்பார் முதலாளி. அவர் கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு அவசரம் என்றாலும் கடையைத் திறக்க மாட்டார். படத்தை அவரிடம் காட்டினேன். அண்ணன் இருந்த இடத்தில் செம்பழுப்பாக வட்டமாக ஒரு கறை. சுற்றி நிற்கிறவர்களின் முகங்கள் எல்லாம் துல்லியம்.

"இது எந்த ஸ்டூடியோ பிடிச்சது? நெகட்டிவ் கேட்டுப் பாரேன்" என்றார்.

கேட்டாயிற்று. ஸ்டூடியோ இருந்த இடத்தில் வேறு கட்டடம் நின்றது. படத்தில் இருந்தவர்களில் ஒருவர் கிளமெண்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். அவரிடம் இருந்த பிரதி வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டதாம். அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்ல பையன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த காலம் அது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. கறை சிவப்பு, அண்ணனின் முகம் கறுப்பு வெள்ளை. சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் குங்குமச் சிவப்பு வெளுத்துக் காணாமல் போகும், அடியில் இருக்கும் கறுப்பு அப்படியே நிற்கும். இது தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த கணக்கு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பட்டாணி அளவு முகத்தை ஃபிலிம் நிறைய வரவழைக்க வேண்டும் என்றால் லென்ஸை ஃபிலிமிலிருந்து முழங்கை நீளத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் சின்ன கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்ட விற்கும் மடிப்புத் துருத்தி அவ்வளவு நீளாது. படமோ ஈரம் குடித்துக் குடித்து அப்பளம் போல நெளிந்திருந்தது. மூக்குக்கு ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். சட்டத்து அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் பிரித்து நிமிர்த்தவும் வழியில்லை.

கடையின் மூலையில் ஒரு பழைய வியூ கேமரா கிடந்தது. மரமும் பித்தளையும், நடுவில் நீளமான தோல் துருத்தி, பின்னால் தேய்த்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். துருத்தியில் ஓட்டை அடைக்கக் கொண்டுவந்து கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகச் சாய்க்கலாம், அதனால் படம் எப்படி நெளிந்திருந்தாலும் ஃபோகஸை அதற்கேற்ப வளைத்துக் கொண்டுபோகலாம். நீளமும் போதும். ஆனால் அதற்குத் தேவையான பெரிய ஃபிலிமை வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தேய்த்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் என் சின்ன கேமராவை லென்ஸ் இல்லாமல் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய கேமராவின் உடம்பு, சின்ன கேமராவின் கண்.

"ரெண்டையும் கெடுத்து வெச்சிட்டு நிக்கப்போற லா" என்றார் முதலாளி.

இரண்டையும் இணைக்கும் முதல் பலகையை ஒட்டுப்பலகையில் செய்தேன். நான்கு மூலையிலும் வெளிச்சம் கசிந்தது. இரண்டாவதை அலுமினியத் தகட்டில் வெட்டி, உடைந்த லென்ஸ் ஒன்றின் பின்வளையத்தைக் கழற்றி நடுவில் திருகினேன். சின்ன கேமரா அதில் 'டிக்' என்று போய் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது. தகடு இடமும் வலமும் நகர்வதற்குக் காடி வெட்டி, கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். முன்பக்கத்தில் படங்களைப் பெரிதாக்கும் எந்திரத்தின் லென்ஸைப் பொருத்தினேன். சின்ன கேமராவின் கனத்தில் பெரிய கேமரா பின்பக்கமாகத் தொங்கிப்போயிற்று, அடியில் பால் டின் முட்டுக்கொடுத்தேன். கீழே பஸ் போனால் மாடி அதிரும், அதிர்ந்தால் முகம் கலங்கும். அதனால் காலையில், தெருவில் பூக்கடைகள் மட்டும் திறந்திருக்கும் நேரத்தில் வந்து வேலை பார்த்தேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"ஆச்சா?"

"அவசரப்பட்டா ஆகுமாம்மா? இது என்ன, தோசையா சுடுறேன்?"

"இல்லடா, கேட்டேன். அவனுக்கு வேட்டி எடுத்துட்டேன். அதான்."

ஒருநாள் காலை எல்லாம் சரியாக அமைந்தது. முதலில் பக்கத்து ஆளின் முகத்தில்தான் ஃபோகஸ் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது ஆள், துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணனுக்குப் பதிலாக இரக்கத்தை வாங்கிக்கொண்டவர். கண்ணை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மீசை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காதில் சொருகிய பாதி பீடி தெரிந்தது. வெயிலுக்குச் சுருக்கிய கண்ணுக்குள் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இருந்தது. பட்டாணிக்குள் இவ்வளவு மனிதன் இருந்தானா! நான் கடைக்குள் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் காலையைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

தகட்டை நகர்த்தினேன். பெரிய கேமராவில் எல்லாம் மாறித் தெரியும் என்பதால் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். சட்டைக் காலர் வந்தது. தோள் வந்தது. அது அண்ணனின் தோள்தான், ஒன்று சற்றுத் தூக்கலாக இருக்கும். சிவப்பு ஃபில்டரை வைத்தேன். கறை நான் நினைத்தது போலவே வெளுத்துப் போயிற்று.

அடியில் ஒன்றும் இல்லை.

காலருக்கு மேல் ஒரு காதின் ஓரம், மறுபக்கம் கொஞ்சம் தலைமுடி. நடுவில் வெறும் காகிதம், அதன் நார்கள் பஞ்சு பிரிந்தது போலத் தெரிந்தன. ஃபில்டரை மாற்றினேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தேன், தாழ்த்தி வைத்தேன். ஃபிலிமில் எடுத்துக் கழுவினேன், கண்ணுக்குத் தெரியாதது ஃபிலிமுக்குத் தெரியும் என்று ஒரு நப்பாசை. அதே காகித நார்தான். புகைப்படத்தில் இருக்கும் உருவம் காகிதத்தின் மேல் ஒரு மெல்லிய தோலில் இருக்கிறது. ஈரம் பட்டால் அந்தத் தோல் ஊறும். ஊறியதைத் துடைத்தால் உரிந்து வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே வந்துவிடும்.

கறைக்குப் பின்னால் அண்ணன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் விரல் அவனை எப்போதோ எடுத்துவிட்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அந்த எந்திரத்தை எட்டி உதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

எந்திரம் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். துருத்தி ஓட்டை, லென்ஸ் போதவில்லை, இந்த ஊரில் இதற்கு மேல் முடியாது என்று ஏதாவது. அம்மாவுக்கு என் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, நம்பிவிடுவாள். படையலைக் குத்துவிளக்குக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேராக மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். கையில் அர்ச்சனைத் தட்டு, மூச்சு வாங்கியது. முதலாளி எழுந்து நாற்காலி போட்டார்.

"இதுதான் அந்த மிஷினா?"

"இன்னும் சரியாகலம்மா. தெரியாது. நீ ஒக்காரு."

"தெரியுற வரைக்கும் பாக்குறேன்."

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் தடுப்பதற்குள் குனிந்து கண்ணை வைத்துவிட்டாள். நல்லவேளை, தகடு ஐந்தாவது ஆள் மேல் இருந்தது என்று முதலில் நினைத்தேன். அது நல்லவேளை இல்லை.

"ஆத்தாடி! இது பக்கத்துல நிக்கிறவன்ல? மீசைய எண்ணலாம் போல இருக்கே. பீடி வெச்சிருக்கான் பாரு!" நிமிர்ந்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். "எம்புள்ள கெட்டிக்காரன்டா. இதப் போயி சரியில்லங்குற. அவன்கிட்ட போ."

எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்தது அது. தகட்டை மெல்ல நகர்த்தினேன். அம்மா கண்ணை எடுக்காமல், "ஆங், தோளு. அவன் தோளுதான்" என்றாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"எங்கடா?"

"அதான்மா இடம்."

அவளே கையை நீட்டித் தகட்டைத் தள்ளினாள். ஏழாவது ஆள் வந்தான், தாடையில் மரு. திரும்பத் தள்ளினாள். காகிதம். இன்னும் தள்ளினாள். பீடிக்காரன். மறுபடி காகிதம்.

"இவன் தெரியுறான். அவன் தெரியுறான். எம்புள்ள மட்டும் ஏன்டா தெரியல?"

"ஈரம்மா. இந்த ஊரு ஈரத்துல படமெல்லாம் இப்படித்தான் போய்டும்."

"பக்கத்துல நிக்கிறவனுக்கு ஈரம் இல்லையா?"

முதலாளி சத்தமில்லாமல் எழுந்து கீழே போனார். அம்மா நிமிர்ந்து தன் வலக்கையைப் பார்த்தாள். மோதிர விரலில் கோயில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நானாடா?"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே கடைகள் திறந்துவிட்டன, பஸ் போகும்போதெல்லாம் பெரிய கேமரா லேசாக ஆடியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மிகவும் சாதாரணமாக, ஏதோ விலை கேட்பது போலக் கேட்டாள்.

"உனக்கு அவன் மூஞ்சி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"எனக்கு வரமாட்டேங்குது. கண்ண மூடுனா பொட்டுதான் வருது. நீ சொல்லு. நான் கேட்டுக்குறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன். அகல நெற்றி என்றேன். புருவம் ரெண்டும் நடுவில் சேர்ந்திருக்கும். மூக்கு நுனி கொஞ்சம் மழுங்கல். சிரித்தால் வாய் இடப்பக்கம் மட்டும் போகும், மேல் பல் ஒன்று ஏறியிருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே தெளிவாக வந்தது. அவன் எதிரில் நிற்பது போல இருந்தது. அம்மாவின் முகம் இளகியது. இதையாவது கொடுத்தேனே என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல், அதனால் நிறுத்தாமல் தாடை, காதுமடல், கன்னத்தில் விழும் கோடு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள்.

"அது நீடா" என்றாள்.